சேமிக்கச் சொன்னவர்கள் சொல்லாத பாதி

1943இல் பிரித்தானியச் சுவரொட்டிகளில் ஒரு பூச்சி தோன்றியது. பருத்த வயிறு, உடலில் நாஜிச் சின்னம். கடைக்குப் போகிறவர்களை வீண்செலவுக்குத் தூண்டுவதே அதன் வேலை. பிலிப் பொய்டெல் உருவாக்கிய அந்த ஊதாரிப் பூச்சி சொன்ன சேதி எளிது: காசைக் கரைப்பவர் ஹிட்லருக்குக் கைகொடுக்கிறார்.

அதற்கு முன்பே, 1940இல், ஸ்பிட்ஃபயர் நிதி வந்திருந்தது. 5,000 பவுண் சேர்த்துக் கொடுத்தால் போர் விமானமொன்றுக்குப் பெயர் சூட்டலாம். பேரரசின் நாடுகளும் கொடுத்தன. பிரித்தானிய விமானப்படையின் 102ஆவது படையணி 'சிலோன்' என்ற பெயரையும், 234ஆவது படையணி சென்னை மாகாணத்தின் பெயரையும் தாங்கின.

யுத்தத்துக்குக் காசு கேட்டதில் விமானம் கண்ணுக்குத் தெரிந்த பாதி. மறுபாதியைப் பொருளியலாளர் கெய்ன்ஸ் 1940இலேயே விளக்கியிருந்தார். யுத்தத்தில் சம்பளம் புழங்கும், சரக்கு இருக்காது. மிஞ்சும் காசு சந்தைக்கு வந்தால் விலை ஏறும். ஆகவே சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டாயமாகப் பிடித்து, யுத்தம் முடிந்தபின் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். கொழும்பு இந்த விலையேற்றத்தை அனுபவித்தே அறிந்தது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து அறுந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியக் குண்டுகள் நகரில் விழுந்தன. அரிசி பங்கீட்டுக்கு வந்தது, வாழ்க்கைச் செலவு ஏறிக்கொண்டே போனது.

சேமிக்கச் சொன்னதில் தவறில்லை. திரும்பி வரும் காசு எவ்வளவு பெறும் என்பதைச் சொல்லாததுதான் தவறு. முதலாம் உலகப் போரின்போது, 1917இல், 5 வீத வட்டிக்கு வாங்கிய யுத்தக் கடனை, 1932இல் பிரித்தானிய அரசு 3.5 வீதமாகக் குறைத்தது. அதையும் முழுதாக அடைத்தது 2015இல்தான்.

இன்று கொழும்பின் கொம்பனித்தெருவில் ஒரு கடையிலோ ஹோட்டலிலோ மாதச் சம்பளத்துக்கு நிற்பவரிடம் சுவரொட்டி காட்டிக் கேட்பதில்லை. சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போய்விடுகிறது. முதலாளி 12 வீதம் கட்டுகிறார். 2022இல் அந்த நிதி கொடுத்த வட்டி 9 வீதம். அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. மறு ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கி வைப்புகளைத் தொடவில்லை, நல்லது. ஆனால் சேமலாப நிதியின் திறைசேரி முறிகள் மாற்றப்பட்டன: 2025 வரை 12 வீத வட்டி, பிறகு 9. தொழிலாளியின் முதுமைக்கான காசைத்தான் அரசு நாடியது. இது அநீதி.

சேமலாப நிதியின் ஆண்டுக் கூற்றில் வட்டி வீதத்துக்குப் பக்கத்திலேயே அந்த ஆண்டின் பணவீக்க வீதத்தையும் அச்சிட வேண்டும். மத்திய வங்கியிடம் இரண்டு எண்களும் இருக்கின்றன.