கான்பான் என்றால் காலிக் கிடங்கு அல்ல

எங்கள் தெருவில் நூல் மில்லுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணை முதல் அடுப்படி வரை பெட்டிக் கட்டுகள். உட்கார இடமில்லை.

"என்ன தம்பி, இது வீடா, கிடங்கா?" என்றேன்.

"மில்லுல ஜப்பான் முறை வந்திருச்சு சார். கான்பானாம். அவங்க ஸ்டாக் வைக்க மாட்டாங்க. போன் வந்தா ரெண்டு மணி நேரத்துல பெட்டி போய்ச் சேரணும். பணம் மட்டும் தொண்ணூறு நாள் கழிச்சு" என்றார். அட்டை வாங்குவதற்காக மனைவியின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது.

இதற்குக் கான்பான் என்று பெயர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பலகை என்று பொருள். டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ என்பவர் 1950-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கே அலமாரியை மறுபடி நிரப்புகிறார்கள் அல்லவா, அதுதான் மூல யோசனை. ஒவ்வொரு பெட்டி உதிரிபாகத்துக்கும் ஓர் அட்டை. பாகத்தை எடுத்ததும் அட்டை திரும்பிப் போகும். அட்டை வந்தால்தான் அடுத்ததைச் செய்யலாம்.

நமக்கு இது புதிதா? வீட்டில் இரண்டு கேஸ் சிலிண்டர். ஒன்று தீர்ந்ததும் மற்றதை மாட்டிவிட்டு புக் செய்கிறோம். காலி சிலிண்டர்தான் அட்டை. செக் புத்தகத்தில் கடைசித் தாள்களுக்கு முன்னால் வரும் கோரிக்கைச் சீட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் கவனியுங்கள்: புக் செய்யும்போது அடுப்பில் முழு சிலிண்டர் இருக்கிறது. அதையும் விற்றுவிட்டு, 'ஏஜென்சிக்காரர் தன் வீட்டில் எனக்காக ஒன்று வைத்திருக்கட்டும்' என்றால் அது சிக்கனமா?

சரக்கைக் குவித்து வைப்பது புண்ணியம் என்று நான் சொல்லவில்லை. முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் ஸ்டோர் பார்த்தவன். போன வருட இண்டெண்டைப் பார்த்து இந்த வருடமும் எழுதி, வந்த படிவங்கள் கரையானுக்குப் போனதைக் கண்டிருக்கிறேன். இருப்பு குறைய வேண்டியதுதான். அதற்கு வாங்குகிறவர் முதலில் தன் வேலையைச் சீராக்க வேண்டும். தினமும் ஏறக்குறைய ஒரே அளவு எடுத்தால்தான் அட்டை முறை ஓடும் என்பது டொயோட்டாவின் சொந்தப் பாடம். இன்று நூறு, நாளை இரண்டாயிரம் என்று கேட்டால் யாரோ ஒருவர் குவித்து வைத்தே ஆக வேண்டும். இங்கே அது தம்பியின் வீடு.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். பிரெஞ்சுக்காரர்கள் இந்த முறைக்கு வைத்த பெயர் 'ஃப்ளூ தாந்தூ'. விறைப்பாக இழுத்த ஓட்டம் என்று அர்த்தம். விறைத்த கயிறு அறுந்துபோகும் என்பது பெயரிலேயே தெரிகிறது.

அறுந்தும் இருக்கிறது. 1997 பிப்ரவரி 1 அன்று டொயோட்டாவுக்குப் பிரேக் வால்வு கொடுத்த ஐசின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கையில் சில மணி நேர இருப்பே இருந்ததால் டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் நின்றன. மற்ற சப்ளையர்கள் தங்கள் இயந்திரங்களில் வால்வு செய்து கொடுத்துக் காப்பாற்றினார்கள். டொயோட்டா அவர்களுக்குப் பணமாக ஈடு செய்தது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப்களை மாதக்கணக்கில் இருப்பு வைக்கச் சொன்னதும் அதே டொயோட்டாதான். குருவே கிடங்கைத் திறந்துவிட்டார். சீடர்கள் இன்னும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி.

தம்பியிடம் சொன்னேன். "கேட்டா அடுத்த ஆர்டர் வராது சார்" என்றார்.

எங்கள் வேடசந்தூர்ப் பக்கம் மில்களுக்குக் குறைவில்லை. இதைப் படிக்கும் மில் அன்பர்கள் தங்கள் ஸ்டோரில் நான்கு நாள் பெட்டிக்கு இடம் ஒதுக்கட்டும். 45 நாளில் பணம் கொடுக்கட்டும். அதன்பிறகு கான்பான் பலகையை மாட்டினால் நானே வந்து கைதட்டுகிறேன்.