சிக்கனப் பிரயாணியும் சார்ல்ஸ்டன் துறைமுகமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பாகத்திலே, ஆஷ்லி, கூப்பர் என்னும் இரண்டு நதிகள் அட்லாண்டிக் சமுத்திரத்தை நோக்கிச் சேருமிடத்தில், சார்ல்ஸ்டன் என்ற துறைமுகப் பட்டினம் இருக்கிறது. 1670-ம் வருஷத்தில் ஆங்கிலேயர் ஸ்தாபித்த குடியேற்றம் அது. தனவந்தரான யாத்திரிகர்களுக்கென்றே படைக்கப்பட்ட ஊர் என்று இன்று அதற்கு ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது. குதிரை வண்டிச் சவாரிக்கு ஒரு கட்டணம், பழைய மாளிகைக்குள் நுழைய ஒரு கட்டணம், தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க ஒரு கட்டணம். ராத்தங்கலுக்கு ஆகும் செலவைப் பற்றியோ கேட்க வேண்டியதில்லை. கல்விக்காகவும் உத்தியோகத்திற்காகவும் அத்தேசத்தில் தங்கியிருக்கும் நம்மவர்கள் இதைக் கேட்டு, அந்த ஊர் நமக்கல்ல என்று ஒதுங்கிவிடலாகாது என்பதே நாம் இன்று எடுத்துக் கூற விரும்பும் விஷயம். அது மட்டுமன்று. சார்ல்ஸ்டனில் காசு கொடுத்துக் காணும் காட்சிகளைவிடக் காசில்லாமற் காணும் காட்சிகளே உண்மைக்கு அதிகச் சமீபத்தில் இருக்கின்றன என்பது நமது திடமான அபிப்பிராயம்.

முதலில் செலவு விஷயத்தை முடித்துவிடுவோம். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் அங்கே கூட்டம் நெரிகிறது, வாடகையும் ஏறுகிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இரண்டும் தணியும். கோடையில் புழுக்கம் அதிகம் என்று அந்நாட்டார் அஞ்சுகிறார்கள். சென்னையின் சித்திரை வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு பெரிய விஷயமாகாது. புயற் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை என்பதை மாத்திரம் மனத்தில் வைக்க வேண்டும். பழைய நகருக்குள் தங்காமல் வடக்கு சார்ல்ஸ்டனில் தங்கிப் பஸ்ஸில் வந்து போகிறவனுக்குப் பாதிச் சுமை குறையும். நகரின் மத்தியில் ‘டாஷ்’ என்னும் வண்டிகள் கட்டணமில்லாமலே ஓடுகின்றன. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரு ஓதங்களின்போது சில தெருக்களில் கடல் நீர் ஏறி நிற்பதுண்டு. நனைந்தாலும் கெடாத செருப்பே உத்தமம்.

இனி ஊரைக் காண்போம். தெற்கு முனையிலுள்ள ‘ஒயிட் பாயிண்ட்’ தோட்டத்திலிருந்து நடக்கத் தொடங்குவது நலம். அங்குள்ள வீடுகளின் அமைப்பு விசித்திரமானது. ஓர் அறை அகலமே உள்ள குறுகிய பக்கம் தெருவை நோக்கி நிற்க, நீண்ட பக்கம் முழுவதும் தாழ்வாரமாய், கடற்காற்றை வாங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது. தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் அல்ல, தாழ்வாரத்திற்குள்தான் நுழைவோம். வெப்ப தேசத்தார்க்கு இந்தச் சூட்சுமம் உடனே விளங்கும். இந்த அழகையெல்லாம் தெருவில் நின்றே பார்க்கலாம், தடுப்பாரில்லை. ஆனால் சுவர்களின் சமீபத்திற்குச் சென்று செங்கற்களை உற்றுப் பார்க்குமாறு நேயர்களை வேண்டுகிறோம். சில கற்களில் விரல் பதிந்த குழிகள் தெரியும். ஈரக் களிமண்ணை அச்சிலிருந்து எடுத்த அடிமைகளின் விரல்கள் அவை. அவற்றுட் சில குழந்தைகளின் விரல்கள். மாளிகைக்குள் கட்டணம் செலுத்திச் சென்று வெள்ளிப் பாத்திரங்களைப் பார்த்து வருபவர் இக்கற்களைக் கவனியாமலே போய்விடக்கூடும். கிங் தெருவில் மைல்ஸ் பிரூட்டன் மாளிகையின் முன்வேலி மேல் கூரிய இரும்பு முட்களைக் காணலாம். அவை அலங்காரத்திற்காக வைக்கப்பட்டவை அல்ல. 1822-ம் வருஷத்தில் எஜமானர்களைப் பிடித்தாட்டிய பயம் அந்த இரும்பில் உறைந்து நிற்கிறது.

அந்தப் பயத்தின் காரணத்தைச் சொல்ல வேண்டும். டென்மார்க் வெஸ்ஸி என்பவர் ஒரு தச்சர், அடிமை. 1799-ல் லாட்டரிச் சீட்டில் 1,500 டாலர் விழ, அதில் 600 டாலரைக் கொடுத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கி விடுதலை பெற்றார். தம் பெண்டு பிள்ளைகளை அவ்விதம் மீட்க அவரால் இயலவில்லை. 1822-ல் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சி செய்யத் திட்டமிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, அவரும் வேறு 34 பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஹாம்ப்டன் பூங்காவில் 2014-ல் அவருக்குச் சிலை வைத்தார்கள். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அவரைச் சேர்ந்தவர்களின் சபையிலிருந்து தோன்றியதே கால்ஹூன் தெருவிலுள்ள இமானுவேல் தேவாலயம். அத்தேவாலயத்தில் 2015 ஜூன் 17-ந் தேதி வேத வாசிப்புக்குக் கூடியிருந்த ஒன்பது பேரை, நிறவெறி கொண்ட ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்த கால்ஹூன், அடிமை முறையை ஒரு நன்மை என்றே வாதாடிய ராஜதந்திரி. பக்கத்து மாரியன் சதுக்கத்தில் உயர்ந்த ஸ்தம்பத்தின் மேல் நின்ற அவரது சிலையை 2020 ஜூனில் இறக்கிவிட்டார்கள். தெருவின் பெயர் இன்னும் மாறவில்லை.

நம் தேசத்தவருக்கு விசேஷமாகக் காட்ட வேண்டிய ஓர் இடம், கிழக்கு விரிகுடாத் தெருவில் 1771-ல் கட்டி முடிந்த பழைய எக்ஸ்சேஞ்சு மண்டபம். 1773 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை 257 பெட்டிகள் ‘லண்டன்’ என்ற கப்பலில் இத்துறைமுகத்திற்கு வந்தன. வரியுடன் கூடிய அத்தேயிலையை வாங்க ஜனங்கள் மறுத்தார்கள். பாஸ்டனில் கடலில் எறிந்தார்கள். இங்கோ அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்து இந்த மண்டபத்தின் நிலவறையில் பூட்டிவைக்க, பிறகு புரட்சிக்காரர்கள் அதையே விற்றுத் தங்கள் யுத்தச் செலவுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். நம்மை ஆண்ட அதே கம்பெனியின் சரக்கு! இன்னுமொரு தொடர்பும் உண்டு. 1740-களில் எலிஸா லூகாஸ் என்ற இளம்பெண் அவுரிச் சாகுபடியை இம்மாகாணத்தில் வேரூன்றச் செய்தாள். பிரிட்டிஷ் சர்க்காரும் மானியம் கொடுத்து அதை வளர்த்தது. அமெரிக்கா விடுதலையடைந்ததும் மானியம் நின்றது. இத்தொழில் இங்கே க்ஷீணித்தது. ஆங்கிலேயரின் கண் வங்காளத்தின் மேல் திரும்பிற்று. அவுரித் தோட்டக்காரரின் கொடுமை 1917-ல் காந்தியடிகளைச் சம்பாரணுக்கு அழைத்த வரலாற்றை நேயர்கள் அறிவார்கள். சார்ல்ஸ்டனில் நிற்கும் இந்தியன் அந்நிய மண்ணில் நிற்கிறானென்று முற்றிலும் சொல்ல முடியாது.

சுதந்திரம் பேசிய அந்த மண்டபத்தின் வடபுறத்திலேதான் மனிதரை ஏலம் போட்டார்கள். 1856-ல் நகரசபை வெளியிடங்களில் அந்த விற்பனையைத் தடுத்தது. காருண்யத்தினால் என்று எண்ண வேண்டாம். ஏலம் பக்கத்துத் தெருக்களிலுள்ள கட்டிடங்களுக்குள் நடந்துகொண்டுதான் இருந்தது. சுதந்திர மண்டபமும் ஏலத் திண்ணையும் ஒரே கல்லில் கட்டப்பட்டிருந்ததை அந்த நடைபாதையில் நின்று பார்ப்பவன், எந்தப் புத்தகத்தையும்விட அதிகமாகத் தெரிந்துகொள்வான்.

அங்கிருந்து வடக்கே கூப்பர் நதிக்கரையில் காட்ஸ்டன் துறை. வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் சுமார் நூற்றுக்கு 40 பேர் சார்ல்ஸ்டன் வழியாகவே வந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தத் துறையின்மீது 2023 ஜூனில் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்கப் பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டது. கட்டிடத்தைத் தூண்களின் மேல் உயர்த்தி, அந்நிலத்தை மிதிக்காமல் விட்டிருக்கிறார்கள். அடியில் ஆழமில்லாத நீர்த்தடம் ஒன்று. அதன் தரையில், அடிமைக் கப்பலின் வயிற்றில் நெருக்கிக் கிடத்தப்பட்ட மனித உருவங்கள். நீர் ஏறி இறங்க, அவை மறைந்து மறைந்து தெரிகின்றன. அந்தத் தோட்டமும் நீர்த்தடமும் கட்டணமில்லாதவை. உள்ளே செல்லத்தான் சீட்டு வாங்க வேண்டும். சிக்கனத்தைப் பற்றி எழுதும் நாம், அந்த ஒரு சீட்டை வாங்கத் தயங்க வேண்டாம் என்று சொல்லத் துணிகிறோம்.

சம்டர் கோட்டைக்குப் படகிற் போகச் செலவு அதிகம்; 1861 ஏப்ரல் 12-ந் தேதி உள்நாட்டு யுத்தத்தின் முதற் குண்டுகள் விழுந்த அக்கோட்டையைத் தெற்கு முனையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்க்கும்போது ராபர்ட் ஸ்மால்ஸை நினைக்க வேண்டும். 1862 மே 13 அதிகாலையில், ‘பிளாண்டர்’ என்ற கப்பலை, வெள்ளைக் கேப்டன் கரையில் உறங்க, அடிமையான இவர் தம் குடும்பத்தாரையும் தோழரையும் ஏற்றிக்கொண்டு, கேப்டனின் தொப்பியை அணிந்து, உரிய சங்கேதங்களை ஊதி, கோட்டைப் பீரங்கிகளின் முன்னாலேயே ஓட்டிச் சென்று விடுதலையடைந்தார். பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் அங்கத்தினரானார். இன்னும் வடக்கே சென்றால் பழைய சுருட்டு ஆலைக் கட்டிடம். 1945 அக்டோபரில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் அதன் தொழிலாளிப் பெண்கள் பாடிய பழைய பக்திப் பாட்டே, உருமாறி, ‘வீ ஷல் ஓவர்கம்’ என்று உலகமெல்லாம் பரவியது.

ஆகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மக்காச்சோள நொய்க் கஞ்சியும் இறாலும் சேர்ந்த உணவு, முன்பு மீனவர்களின் காலை ஆகாரம். இப்போது பெரிய ஹோட்டல்களில் ஆனை விலை. ஏழைகளின் உணவோ நமக்கு அந்நியமன்று: அரிசியும் காராமணியும் சேர்ந்த சோறு, வெண்டைக்காய்க் குழம்பு, அவித்த வேர்க்கடலை. காராமணியும் வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. நெல் வயல்களோ, நெல் விளையும் பிரதேசங்களிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தவர்களின் உழைப்பால் உண்டானவை. சைவர்கள் மட்டும், காராமணியில் பன்றியிறைச்சி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

பழைய சந்தையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குல்லா வம்சத்துப் பெண்கள் புல்லால் கூடை பின்னி விற்கிறார்கள். நெல் புடைத்த முறத்திலிருந்து வந்த கலை அது. விலை அதிகமென்று தோன்றும். ஒரு கூடைக்கு எத்தனை நாள் வேலை என்று கேட்டால் தோன்றாது. வாங்கப் பணமில்லையேல் பார்த்துவிட்டு வணங்கி நகர்வதே மரியாதை. பேரம் பேசுவது தகாது. அவர்களுடைய பாட்டன் பாட்டியரின் உழைப்புக்கு ஒரு காசும் கொடாமல் கட்டிய ஊரில், குறைந்த செலவு என்பது பேத்திகளின் கூலியைக் குறைப்பதாக இருக்கலாகாது.

2018-ல் நகரசபை அடிமை முறைக்காகப் பகிரங்க மன்னிப்புக் கேட்டது. 2025 மார்ச்சிலோ, தேசிய ஸ்தலங்களின் சரித்திரக் குறிப்புகள் நாட்டின் பெருமையைக் குறைக்கின்றனவா என்று பரிசீலிக்க ஜனாதிபதியின் உத்தரவு பிறந்தது. சார்ல்ஸ்டன் தெருக்களிலுள்ள பலகைகளிற் பெரும்பாலானவற்றை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் காற்று எப்பக்கம் அடிக்கிறதென்று தெரிகிறது. கட்டணமில்லாத இப்பலகைகளைப் படிக்க விரும்புவோர் காலதாமதம் செய்ய வேண்டாம்.

ஒரு நாள் மிஞ்சினால் சல்லிவன் தீவுக்குச் செல்லலாம். வந்திறங்கிய ஆப்பிரிக்கர்களை நோய்க்கு அஞ்சி அடைத்துவைத்த இடம் அது. அடிமைகளை நினைவுகூர ஒரு சிறு பெஞ்சுகூட இல்லையே என்று நாவலாசிரியை டோனி மாரிசன் 1989-ல் வருந்தினார். 2008-ல் அங்கே கடலைப் பார்த்தபடி ஓர் இரும்பு பெஞ்சு போட்டார்கள். நகரின் இலவச வண்டி அத்தீவுக்குப் போகாது. நால்வர் சேர்ந்து ஒரு மோட்டாரை வாடகைக்கு அமர்த்திக்கொண்டால் தலைக்கு அதிகமாகாது.