ஓட்டுநருக்குப் பத்து, முதலாளிக்கு இரண்டா?

ஹைதராபாத் பாலாநகரின் பட்டறைகளில் பவர் பிரஸ் இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டால் உற்பத்தி கூடும். தொழிலாளியின் விரல் போகும். தடுப்பை மாட்டாமல் விட்ட அந்தச் செயலின்மையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 103-ஆவது பிரிவு பதில் சொல்கிறது. கடமை தவறியதால் தொழிலாளி செத்தே போனாலும் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இதோடு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை வைத்துப் பாருங்கள். விபத்தில் ஒருவரைச் சாகடித்த ஓட்டுநர் போலீஸிடம் சொல்லாமல் ஓடிவிட்டால் 10 ஆண்டு வரை சிறை. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள், ஹைதராபாத் பெட்ரோல் பங்குகளில் கூட்டம் முண்டியடித்தது, அரசு அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. ஆனாலும் எழுதியவர்களின் மனம் தெரிந்துவிட்டது. பயத்தில் ஓடியவனுக்குப் பத்து. மாதக்கணக்கில் யோசித்துச் செலவை மிச்சம் பிடித்தவருக்கு இரண்டு.

செய்யாமல் விடுவதும் குற்றச்செயலே என்பது நமக்குப் புதிதல்ல. மெக்காலே 1837-இல் தந்த தண்டனைச் சட்ட வரைவிலேயே உதாரணம் இருக்கிறது. வெள்ளம் வரும் ஆற்றில் இறங்கப்போகும் வழிப்போக்கரைத் தெரிந்தே எச்சரிக்காமல் சாகவிட்டவர், எச்சரிப்பதற்கென்றே நிறுத்தப்பட்ட சிப்பந்தி என்றால் அது கொலை. யாரோ ஒருவர் என்றால் குற்றமில்லை. கடமைதான் எல்லைக்கோடு. 2014 ஜூன் 8 அன்று பாலாநகருக்கு அருகே பாச்சுபள்ளியில் இருக்கும் பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் 24 பேரை, இமாச்சலின் லார்ஜி அணை திறந்துவிட்ட தண்ணீர் பியாஸ் ஆற்றில் அடித்துச் சென்றது. உரிய எச்சரிக்கை இல்லை. குடும்பத்துக்கு 20 லட்சம் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. மெக்காலேயின் ஆறு கற்பனை. பியாஸ் கற்பனை அல்ல.

பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாய்தானே, இப்போது உயர்த்தியிருக்கிறோமே என்கிறார்கள். கடுமை காட்டினால் முதலீடு ஓடிவிடும் என்கிறார்கள். பிணங்களை எண்ணிப் பார்க்காதவர்களின் பேச்சு இது.

2025 ஜூன் 30 அன்று தெலங்கானாவின் பாசமைலாரத்தில் சிகாச்சி மருந்து ஆலை வெடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இயந்திரங்கள் பழையவை என்று தந்தை பலமுறை சொல்லியும் நிர்வாகம் மாற்றவில்லை என்பது, இறந்த தொழிலாளி ஒருவரின் மகன் போலீஸில் கொடுத்த புகார். கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற, நியாய சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவில் வழக்குப் பதிவானது. அது அப்படியே நிற்க வேண்டும். போபால் வழக்கில் இதே போன்ற கடும் பிரிவை உச்ச நீதிமன்றம் 1996-இல் கவனக்குறைவுக் குற்றமாகச் சுருக்கியது. 2010-இல் வந்த தண்டனை 2 ஆண்டு.

தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது. மரணம் நேர்ந்தால் சிறை கட்டாயம், 10 ஆண்டு வரை என்று 103-ஐத் திருத்திக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பத் தெலங்கானா பேரவைக்கு ஒரு கூட்டத்தொடர் போதும். அது சட்டமானால் இந்த மாநிலத்தின் ஆலைச் சாவுகள் குறையக்கூடும்.