விலை கூடினால் பாதுகாப்பும் கூடுமா? பிராணி உணவில் பயனீட்டாளர் கவனிக்க வேண்டியவை

விலை உயர்ந்த முத்திரை என்றால் நாய்க்கும் பூனைக்கும் ஆபத்தில்லை என்பது பலரின் நம்பிக்கை. நடந்தவை அப்படிச் சொல்லவில்லை.

2004இல் தாய்லாந்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரான பெடிகிரி உணவு, நாய்களின் சிறுநீரகம் செயலிழந்ததைத் தொடர்ந்து மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஆசிய நாடுகளில் மீட்டுக்கொள்ளப்பட்டது. 2007இல் வட அமெரிக்காவில் மெனு ஃபூட்ஸ் நிறுவனம் சுமார் 6 கோடி டின்களையும் பாக்கெட்டுகளையும் மீட்டுக்கொண்டது. புரத அளவைக் கூட்டிக் காட்ட, சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலக்கப்பட்டிருந்தது. பேரங்காடியின் மலிவு முத்திரையும் விலை கூடிய முத்திரைகளும் அதே நிறுவனத்தில்தான் தயாராகின. 2019இல் ஹில்ஸ் டின் உணவில் வைட்டமின் டி அளவுக்கு மீறியதற்கும் மூலப்பொருள் வழங்கியவரின் தவறே காரணம்.

அப்படியானால் கூடுதல் பணம் வீணா? முழுக்க அல்ல. தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவை இருந்தால்தான் கெட்ட உணவை அடையாளம் கண்டு திரும்பப் பெற முடியும். பெரிய மூட்டையைப் பிரித்து, பிளாஸ்டிக் பையில் கிலோ கணக்கில் விற்கும்போது இவை மறைந்துவிடுகின்றன. ஓரிரு ரிங்கிட் மிச்சமாகலாம்; மீட்பு அறிவிப்பு வந்தாலோ, வீட்டிலிருப்பது அந்த உணவுதானா என்று அறிய வழியில்லை.

மீந்த சோறும் குழம்பும் மாற்றாகாது. வெங்காயமும் பூண்டும் நாய், பூனைகளின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பூனைக்குத் தேவையான டாரின் சத்து முக்கியமாக இறைச்சியிலும் மீனிலும் உண்டு.

‘முழுமையான உணவு’ என்ற குறிப்புடன், முத்திரை பிரிக்கப்படாத நடுத்தர விலைப் பையை வாங்கலாம். உணவு தீரும்வரை பையை வீசாமல் வைத்திருப்பதே நல்லது.