பாஸும் கதகதப்பும்

பேரன் மெல்லிசைக் குழுவில் பாஸ் கிட்டார் வாசிக்கிறான். கல்யாணக் கச்சேரிகளுக்குச் சொந்தமாக ஆம்ப்ளிஃபையர் வாங்கப் பணம் சேர்த்துவிட்டான். "எத்தனை வாட் வாங்கலாம் தாத்தா?" என்கிறான். வாட்டை மட்டும் பார்த்து வாங்காதே என்பது என் கட்சி.

பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'ஷலர்' என்றால் வெப்பம், வாஞ்சையும் அதுவே. பாஸ் நாதத்தில் நான் தேடுவது இரண்டாவதை. 1960-இல் வந்த ஆம்பெக் பி-15, வால்வும் 15 அங்குல ஸ்பீக்கரும் கொண்டது. அந்த நாதத்துக்கு இன்றும் மவுசு. ஆனால் டிரம்ஸ் பக்கத்தில் அதன் சக்தி போதாது. 1969-இல் அதே கம்பெனி 300 வாட் வால்வு ஆம்ப் கொண்டுவந்தது. மண்டபப் படியில் அதை யார் தூக்குவது? நானா?

ஆகவே எடை குறைந்த, 300 வாட்டுக்குக் குறையாத புது ஆம்ப்பே சரி. சக்தி மிச்சமிருந்தால் நாதம் கரகரக்காது. கடையில் தனியாக வாசித்துப் பார்த்து மயங்கக் கூடாது. அங்கே பாஸ் குமிழைத் திருகினால் எல்லாமே இனிக்கும். மேடையில் கீபோர்டு ஆரம்பித்ததும் காணாமல் போகும். தடித்த தந்தியின் ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேலுள்ள 82, 123 போன்ற கிளை நாதங்களே காதில் கதகதப்பாக விழுகின்றன. 'மிட்' குமிழைக் குறைக்காமல், டிரம்ஸ்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை.