இழுத்துரலாம், நிப்பாட்டணும்லா?

போன வாரம் தங்கச்சி மகன் மதுரையிலிருந்து போன் பண்ணினான். ஊருக்கு வந்த இடத்தில் நின்னுபோன அவன் கார், ஒரு மாசமா எங்க தொழுவுக்குப் பக்கத்தில்தான் நிக்கி. "மாமா, ஒங்க பிக்கப்புல கட்டி மதுரைக்கு இழுத்துட்டு வந்துருங்களேன். ஒரு டன் காருதான, இழுத்துராதா?"ன்னு கேட்டான்.

இழுத்துரும். ஆனாலும் முடியாதுன்னுட்டேன். அவனுக்கு வருத்தம். ஏன் சொன்னேன்னு இங்க எழுதுதேன். டவுன்ல கார் வச்சிருக்கிற உங்களுக்கும் உதவும்.

2023 டிசம்பர் 17, 18 மழையை எங்க பக்கத்துல யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணிக்குள்ள கெடந்தது. வெள்ளம் வடிஞ்ச பொறவு பார்த்தா, எங்க பார்த்தாலும் சேறு அப்பின கார். ஏத்திட்டுப் போக வண்டி கிடைக்கல. எங்க ஊர் வாத்தியார் ஒருத்தர், தன் காரை கோவில்பட்டி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகணும்னு வந்து நின்னார். சரின்னுட்டேன்.

ராத்திரி உக்காந்து பிக்கப்பைத் தயார் பண்ணினேன். ஆயில், ரேடியேட்டர் தண்ணி, நாலு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் காத்து, புது நைலான் கயிறு. அத்தனையும் இழுக்கதுக்கான தயாரிப்பு. நிப்பாட்டறதைப் பத்தி ஒரு நிமிஷம்கூட யோசிக்கல.

கயத்தாறு தாண்டி ஒரு பாலத்து இறக்கம். திடீர்னு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். பின்னால காரில் உக்காந்திருந்தது வாத்தியார் மகன், காலேஜ் பையன். எஞ்சின் ஓடலைன்னா பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிரும், ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பானட் என் பிக்கப்புக்கு அடியில போய்ச் சொருகிட்டு. முன் கண்ணாடிக்கும் என் பின்கதவுக்கும் ஒரு சாண் இடைவெளி. இறங்கிப் போய் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன். இன்னும் தூக்கத்துல வருது.

இத்தனைக்கும் நான் மாட்டுவண்டி ஓட்டி வளந்தவன். வண்டியைக் கயித்துலயா கட்டி இழுத்தோம்? ஏர்க்கால்னு கெட்டியான மரம் இருந்தது. இறக்கத்தில் வண்டி மாட்டு மேல ஏறாம அதுதான் தாங்கும். ஆனித் தேரோட்டத்துல நெல்லையப்பர் தேரை ஆயிரக்கணக்கான பேர் இழுக்காங்க. 2024-ல வடம் திரும்பத் திரும்ப அறுந்துபோனதை ஊரே பார்த்தது. வடம் அறுந்தா வேற மாத்தலாம். சக்கரத்துக்குக் கட்டை போட ஆள் இல்லைன்னா தேர் நகரவே கூடாது. கயிறு இழுக்கத்தான் செய்யும், நிப்பாட்டாது.

சட்டத்தையும் பாருங்க. கட்டி இழுக்கும்போது ரெண்டு வண்டிக்கும் நடுவுல 5 மீட்டருக்கு மேல இருக்கக்கூடாது. பின் காரில் லைசென்ஸ் உள்ளவர் இருக்கணும், இழுத்துட்டுப் போறோம்னு பலகை வைக்கணும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். அந்த வேகத்துலகூட வண்டி ஒரு விநாடிக்கு 7 மீட்டர் நகரும். அப்போ 5 மீட்டர் எந்த மூலைக்கு? மதுரை 160 கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல. நாலு வழிச்சாலையில் லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கும்போது நாம ஊர்ந்துட்டுப் போகணும்.

அதனால என் கருத்து இதுதான்: கயிறு பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும்தான். வெளியூருக்குன்னா, காரையே மேல ஏத்திட்டுப் போற வண்டியைக் கூப்பிடுங்க. காசு ஆகும்தான். உங்க இன்சூரன்ஸ்ல ரோட்டில் நின்னா உதவிக்கு வர்ற வசதி சேத்திருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க.

பக்கத்துலதான்னு கட்டி இழுத்தாலும், முதல்ல இழுக்கிற வண்டியோட பிரேக்கைப் பாருங்க. கயித்தைவிட இரும்புத் தண்டு நல்லது, அதுதான் நம்ம ஏர்க்கால். பம்பர்ல கட்டாதீங்க, கொக்கியில கட்டுங்க. பல கார்ல அந்தக் கொக்கி டூல்ஸ் பையில இருக்கும், திருகி மாட்டணும். சாவியை ஆன்ல வச்சாத்தான் ஸ்டியரிங் பூட்டு விடும். ஆட்டோமேட்டிக் கியர் காரை, எஞ்சின் சுத்துற சக்கரம் தரையில உருள இழுத்தா கியர்பாக்ஸ் போயிரும். வெள்ளத்துல நின்ன காரை ஸ்டார்ட் பண்ணியே பார்க்காதீங்க.

மருமகன் ரெண்டு நாள் கழிச்சு வண்டி அனுப்பினான். நாலு சக்கரத்துக்கும் பட்டை போட்டு இறுக்கி ஏத்திட்டுப் போனாங்க. நான் என் பிக்கப்புல வாழைத்தாரை ஏத்திட்டுச் சந்தைக்குக் கிளம்பினேன். அது அந்த வேலைக்கு வாங்கின வண்டிதான்.