காலிமுகத்திடலோடு முடியாத ஆண்டு

இலங்கையின் 2022ஆம் ஆண்டைப் பற்றி எழுதுவது பத்திரிகையாளனுக்குச் சிரமமான காரியம் அல்ல. திகதிகளே கட்டுரையை எழுதிக் கொடுத்துவிடும். மார்ச் 31இல் மிரிஹானவில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் வீட்டருகே மக்கள் திரண்டனர். ஏப்ரல் 9இல் காலிமுகத்திடல் போராட்டம் தொடங்கியது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. மே 9இல் மகிந்த ராஜபக்ஷ பிரதமர் பதவியைத் துறந்தார். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தனர்; 14இல் சிங்கப்பூரிலிருந்து ஜனாதிபதியின் பதவி விலகல் கடிதம் வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டு இறுதியில், நான் பணியாற்றிய பத்திரிகைக்கு ஆண்டுக் கண்ணோட்டத்தைத் தொகுத்தவன் நான்தான். மேற்சொன்ன திகதிகள் யாவும் அதில் இருந்தன. பெற்றோல் வரிசை இருந்தது, எரிவாயு வரிசை இருந்தது. தேயிலைத் தோட்டங்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை. எவரும் அதைக் குறையாகச் சொல்லவுமில்லை.

2023 ஜனவரியில் சிவனொளிபாதமலை யாத்திரைக்காக மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்றிருந்தேன். மலையடிவாரக் கடையொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவரோடு பேசக் கிடைத்தது. "போன வருஷம் மிகவும் கஷ்டப்பட்டிருப்பீர்கள்" என்றேன். "உங்களுக்குத்தான் ஐயா அது போன வருஷம். எங்களுக்கு இன்னும் முடியலைங்க" என்றார். என் ஆண்டுக் கண்ணோட்டத்தின் குறை அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தோட்டத்தைப் பொறுத்தவரை 2022 என்பது 2021இலேயே தொடங்கிவிட்டது. நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின் 2021 மார்ச்சில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வெளியானது. இரண்டு மாதங்களில், மே மாதம், இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது உண்மை. ஆனால் அப்போது உரம் வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகச் சரிந்தது.

இந்த 5 கோடி கிலோ வீழ்ச்சி லயத்து அடுப்பு வரைக்கும் எப்படி வந்தது? பல தோட்டங்களில் குறித்த அளவு கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். உரம் காணாத செடி கொழுந்து விடாது. கொழுந்து இல்லாத மலையில் எவ்வளவு நேரம் நின்றாலும் கூடை நிறையாது. வர்த்தமானியில் இருந்த ஆயிரம் பலருடைய கைக்கு முழுதாக வரவில்லை.

வந்த ஆயிரத்துக்கும் மதிப்பு இருக்கவில்லை. 2021 மார்ச்சில் அது ஏறத்தாழ 5 டொலர். ரூபாய் சரிந்த பின் 2022 நடுப்பகுதியில் 3 டொலருக்கும் குறைவு. செப்டம்பரில் கொழும்பு உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ரொட்டிதான் தோட்டத்தின் பிரதான உணவு. அதற்கான கோதுமை மா முழுக்க இறக்குமதிக் கோதுமையை நம்பியது. அவ்வாண்டில் தோட்டத்துறை மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது. தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசியும் பால்மாவும் அந்த மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்ததைத் தமிழகத்து வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். அதே 2022இல் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபாய் விலை ஏறத்தாழ இரட்டித்தது. கம்பனிகளுக்கும் செலவு கூடியது, விளைச்சல் குறைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலை மாறியது, செலவு மாறியது, டொலர் மாறியது. நாட்சம்பளம் மட்டும் மாறவில்லை. அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது 2024 செப்டம்பரில். மூன்றரை ஆண்டுகள்! நாடு டொலருக்கு அலைந்த காலத்தில் 100 கோடி டொலருக்கு மேல் ஈட்டித் தந்த பயிர் இது. அந்த நெருக்கடியின் சுமையை அதிகம் தாங்கியவர்கள் அதைப் பறித்த கைகள்தாம்.

'காலிமுகத்திடலுக்குத் தோட்ட மக்கள் ஏன் அலையலையாக வரவில்லை?' என்று அந்நாளில் சிலர் கேட்டார்கள். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை என்பதையும், குடியிருக்கும் லயம்கூடத் தமக்குச் சொந்தமில்லாதவர்கள் அவர்கள் என்பதையும் கேட்டவர்கள் யோசிக்கவில்லை.

வாழ்க்கைச் செலவு ஏறும்போது நாட்சம்பளமும் தானாக ஏறும் ஏற்பாடு சட்டத்தில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தேர்தல் மேடைகளையும் பேச்சுவார்த்தை மேசைகளையும் எதிர்பார்த்திருந்தால், அடுத்த நெருக்கடியிலும் இதே கதைதான் நடக்கும்.

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் போடுவது வழக்கம். 2022ஆம் ஆண்டுக் கண்ணோட்டத்தில் நான் விட்ட பிழைக்கு, காலம் கடந்தாவது, இதுவே என் திருத்தம்.